கண் மருத்துவ மாநாட்டுச் செய்திகளில் மலிவான மருந்துக்கும் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பார்வை மற்றும் கண் மருத்துவ ஆராய்ச்சிக்கான பன்னாட்டுச் சங்கமான 'ஆர்வோ' ஆண்டுதோறும் நடத்தும் மாநாடு, கண் ஆராய்ச்சிக்கென உலகில் கூடும் மிகப் பெரிய கூட்டங்களில் ஒன்று. 2024இல் சியாட்டில் நகரிலும் 2025இல் சால்ட் லேக் சிட்டியிலும் அது நடைபெற்றது. இத்தகைய மாநாடுகளைப் பற்றி நம் நாளிதழ்களில் வரும் செய்திகள் மரபணு சிகிச்சை, செயற்கை நுண்ணறிவு, விழித்திரையில் பதிக்கும் சில்லு ஆகியவற்றோடு பெரும்பாலும் முடிந்துவிடுகின்றன. ஆரம்ப சுகாதார நிலையங்களில் கண் மருத்துவ உதவியாளராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவன் நான். அந்த மாநாடுகளில் நம் மக்களுக்கு மிகவும் வேண்டிய ஒரு பகுதி செய்திகளில் விடுபட்டுப்போகிறது என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவரவே இக்கடிதத்தை எழுதுகிறேன். ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள மலிவான மருந்தையும் விலை கூடிய மருந்தையும் நேருக்கு நேர் ஒப்பிட்டு, நோயாளியின் பார்வைக்கு எது உதவுகிறது என்று அளந்து சொல்லும் ஆய்வுகளையே குறிப்பிடுகிறேன்.

புதுமைகளின் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. முதுமையால் விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்து பார்வை இழந்தவர்களுக்கு இரண்டு மில்லிமீட்டர் அளவுள்ள ஒரு சில்லைப் பதித்து, மீண்டும் எழுத்துகளைப் படிக்கவைத்த ஐரோப்பிய ஆய்வின் முடிவு 2025 அக்டோபரில் வெளியானபோது, அந்நோயாளிகளுக்குச் செய்வதற்கு ஏதுமில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பிய பழைய நாட்களை எண்ணி மனம் நெகிழ்ந்தேன். ஆனால் அந்த ஆய்வில் சில்லு பொருத்தப்பட்டவர்கள் 38 பேர். பிறவியிலேயே பார்வையைக் குறைக்கும் ஒரு மரபணுக் குறைக்கு 2017 டிசம்பரில் அமெரிக்கா ஒப்புதல் அளித்த சிகிச்சையின் விலை, இரு கண்களுக்கும் சேர்த்து எட்டரை லட்சம் டாலர் என்று அறிவிக்கப்பட்டது. இவை நம் மாவட்ட மருத்துவமனைகளின் வாசலுக்கு வர இன்னும் காலம் பிடிக்கும்.

இதே 'ஆர்வோ' மாநாடு 2011 மே மாதம் ஃபோர்ட் லாடர்டேலில் கூடியபோது நடந்ததை எண்ணிப் பார்க்க வேண்டும். மேற்சொன்ன முதுமை விழித்திரை நோயின் ஒரு வகையில், புதிய ரத்த நாளங்கள் முளைத்துக் கசிந்து பார்வையைக் கெடுக்கின்றன. அதைத் தடுக்கக் கண்ணுக்குள் போடும் ஊசி மருந்தாக லூசென்டிஸ் 2006இல் ஒப்புதல் பெற்றது. அப்போது அமெரிக்காவில் ஒரு ஊசிக்கான விலை ஏறத்தாழ 2,000 டாலராக இருந்தது. குடல் புற்றுநோய்க்காக வந்த அவாஸ்டின் என்ற மருந்தைச் சிறு அளவுகளாகப் பிரித்து அதே நோய்க்குப் போட்டால் சுமார் 50 டாலர்தான் ஆனது. இரண்டையும் உருவாக்கியது ஒரே நிறுவனம். மலிவான மருந்து போதுமா என்று தெரிந்துகொள்ளும் ஆய்வுக்கு அமெரிக்க அரசின் தேசியக் கண் நிறுவனம் பணம் கொடுத்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளை ஓராண்டு கவனித்த அந்த ஆய்வு, ஒரே கால இடைவெளியில் போடும்போது இரு மருந்துகளும் பார்வையைக் காப்பதில் சமமே என்று அம்மாநாட்டில் அறிவித்தது. உலகெங்கும் எளிய குடும்பத்து முதியவர்களுக்கு அவாஸ்டின் ஊசியைத் துணிந்து பரிந்துரைக்கும் பலத்தை மருத்துவர்களுக்கு அந்த முடிவு தந்தது. கண்ணுக்கான மருந்தாக உலக சுகாதார நிறுவனம் தன் இன்றியமையாத மருந்துகள் பட்டியலில் 2013இல் இதைச் சேர்த்தது. மருந்தைப் பிரித்து நிரப்பும் இடத்தில் தூய்மை தவறினால் கண்ணே பறிபோகும் அபாயம் உண்டு என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த எச்சரிக்கையோடு சேர்த்துத்தான் மக்களிடம் இச்செய்தி போக வேண்டும்.

இதைவிட நமக்கு நெருக்கமான ஓர் எடுத்துக்காட்டு மதுரையிலேயே இருக்கிறது. நெல் அறுப்பும் கரும்பு வெட்டும் நடக்கும் மாதங்களில், கதிரோ கரும்புச் சோகையோ கண்ணில் கீறி, கருவிழியில் பூஞ்சை பற்றிப் புண்ணாகி வருவோர் எங்கள் பக்கத்தில் ஏராளம். கீறல் பட்ட அன்று யாரும் வேலையை விட்டுவிட்டு மருத்துவமனைக்கு வருவதில்லை. அன்றாடக் கூலி அப்படி வரவிடாது. சிலர் தாய்ப்பால் விட்டுக்கொள்வார்கள்; சிலர் மருந்துக்கடையில் கண் சிவப்புக்கென்று கேட்டு வாங்கிய சொட்டு மருந்தை விட்டுக்கொள்வார்கள். அதில் ஸ்டீராய்டு இருந்துவிட்டால் சிவப்பு சற்று அடங்கும், உள்ளே பூஞ்சை தடையின்றிப் பரவும். 'கண்ணில் பூ விழுந்துவிட்டது' என்று அவர்கள் வந்து நிற்கும்போது கருவிழியின் நடுவில் சாம்பல் வெண்மையில், ஓரம் பிசிறு பிசிறாக ஒரு திட்டு தெரியும். அதைச் சுரண்டியெடுத்து நுண்ணோக்கியில் வைத்தால் பூஞ்சை இழைகளைச் சில நிமிடங்களில் கண்டுவிடலாம். அதற்குப் பின் எந்த மருந்தைக் கொடுப்பது என்பதுதான் கேள்வி.

பல பத்தாண்டுகளாக உள்ள நாட்டமைசின் சொட்டு மருந்து கருவிழிக்குள் ஆழமாக இறங்காது என்பதால், புதிய வோரிகோனசோல் மேலானதாக இருக்கும் என்ற நம்பிக்கை மருத்துவ உலகில் வலுத்திருந்தது. மதுரை, கோவை, புதுச்சேரி அரவிந்த் கண் மருத்துவமனைகளும் சான்பிரான்சிஸ்கோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பிராக்டர் அறக்கட்டளையும் சேர்ந்து 323 நோயாளிகளிடம் இதைச் சோதித்தன. 2013இல் வெளியான முடிவு பழைய மருந்தின் பக்கம் நின்றது. குறிப்பாக, நம் வயல்களில் மிகுதியாகக் காணப்படும் பியூசேரியம் என்னும் பூஞ்சையால் வந்த புண்களில், நாட்டமைசின் பெற்றவர்கள் பார்வைப் பலகையில் ஏறத்தாழ நான்கு வரிகள் கூடுதலாகப் படித்தனர். கருவிழி ஓட்டையாவதும் அவர்களிடம் குறைவாகவே இருந்தது. உலகத்துக்கே வழிகாட்டிய இந்த ஆய்வில் பங்கேற்றுச் சோதனைக்குத் தங்கள் கண்களை ஒப்படைத்துக் காத்திருந்தவர்கள் நம் ஊர் விவசாயிகளும் கூலித் தொழிலாளர்களும்தான். அதன் பயனை அவர்களுக்கு அவர்கள் மொழியில் சொல்வது நம் கடமை. புட்டியை நன்றாகக் குலுக்கிவிட்டு, விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கு ஒரு முறை விட வேண்டிய மருந்து இது. இரண்டாம் நாளே சிவப்பு குறையவில்லை என்று நிறுத்திவிடக் கூடாது என்ற ஒரு வரி நாளிதழில் வந்தாலும் சில கண்கள் தப்பும்.

வெள்ளெழுத்துக் கண்ணாடியையும் இங்கே சொல்லியாக வேண்டும். அசாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயதைக் கடந்த தொழிலாளர்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்த ஆய்வொன்று 2018இல் வெளிவந்தது. கண்ணாடி பெறாதவர்களைவிட அவர்களின் உற்பத்தித் திறன் 21.7 சதவீதம் கூடியிருந்தது. வால்பாறையிலும் நீலகிரியிலும் இலங்கை மலையகத்திலும் கொழுந்து பறிக்கும் நம் பெண்கள் எத்தனை பேரிடம் அந்தக் கண்ணாடி இருக்கிறது?

ஆகவே, அடுத்த மாநாடு கூடும்போது தங்கள் நாளிதழ் செய்தி நிறுவனங்கள் அனுப்பும் குறிப்புகளோடு நின்றுவிடாமல், அங்கு முன்வைக்கப்படும் ஆய்வுச் சுருக்கங்களையும் பார்வையிட வேண்டுகிறேன். அவை சங்கத்தின் இதழில் எவரும் கட்டணமின்றிப் படிக்கும்படி வெளியாகின்றன. கருவிழிப் புண், கண்புரை, சர்க்கரை நோயால் வரும் விழித்திரைப் பாதிப்பு, வெள்ளெழுத்து ஆகிய நான்கையும் பற்றிய ஆய்வுகளைத் தேர்ந்தெடுத்து, 1819இல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனையின் மருத்துவர்களிடமோ மதுரை மருத்துவர்களிடமோ கருத்துக் கேட்டு வெளியிடலாம். எந்தச் சிகிச்சையைப் பற்றி எழுதினாலும் அதன் விலை என்ன, எத்தனை நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டது, நம் மாநில அரசு மருத்துவமனைகளில் கிடைக்கிறதா என்பவற்றைச் செய்தியாளர் கேட்டெழுத வேண்டும். மக்கள் நல்வாழ்வுத் துறையும், இம்மாநாடுகளுக்குச் செல்லும் அரசு மருத்துவர்கள் திரும்பி வந்தபின் மாவட்டந்தோறும் கண் மருத்துவ உதவியாளர்களுக்கும் கிராம சுகாதாரச் செவிலியர்களுக்கும் ஒரு நாள் வகுப்பு எடுக்க ஏற்பாடு செய்யலாம். கதிர் கீறிய கண்ணை முதலில் பார்ப்பவர்கள் அவர்களே.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற கண் மருத்துவ உதவியாளர்,
மேலூர், மதுரை மாவட்டம்.