ஐந்து பருவம், ஐந்து விண்ணப்பம்: மாற்றுத்திறனாளி மாணவியின் கோரிக்கை மனு

பெறுநர்
உயர்கல்வித் துறைச் செயலாளர் அவர்கள்

பொருள்: மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான தேர்வு, பாட ஏற்பாடுகளைச் சேர்க்கையின்போதே ஒருமுறை அனுமதித்து, படிப்பு முடியும்வரை செல்லுபடியாக்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

நான் பொருளாதாரம் மூன்றாம் ஆண்டு பயிலும் மாணவி. பிறவியிலேயே பார்வை இல்லை. இதுவரை ஐந்து பருவத் தேர்வுகள் எழுதியிருக்கிறேன். ஐந்து முறையும், நான் சொல்லச் சொல்ல விடையை எழுதும் எழுதுநர் ஒருவரையும் கூடுதல் நேரத்தையும் கேட்டு, அதே விண்ணப்பத்தை அதே சான்றிதழின் நகலுடன் கல்லூரி அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன். சென்ற பருவத்தில் அந்தச் சான்றிதழ் பழையது என்று திருப்பிவிட்டார்கள். என் பார்வையின்மையும் பழையதுதான் என்று சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை.

புதிய சான்றிதழ் வாங்கி வந்தபோது முதல் தேர்வுக்கு முந்தைய நாள் மாலை ஆகிவிட்டது. அவசரத்தில் ஒதுக்கப்பட்ட எழுதுநர் பொறுமையானவர். அவர்மீது எனக்குக் குறையில்லை. ஆனால் பொருளாதாரம் அவருக்குப் புதிது. தேவைக் கோட்டையும் அளிப்புக் கோட்டையும் நான் வாயால் சொல்ல, விலை எந்த அச்சில், அளவு எந்த அச்சில் என்று விளக்குவதிலேயே நேரம் கரைந்தது. டெல்டா என்றால் சிறிய முக்கோணம் என்று சொல்லி வரைய வைத்தேன். கூடுதல் நேரம் தரப்படுவது, சொல்லி எழுதவைத்து, வாசிக்கக் கேட்டுத் திருத்துவதற்காக. எனக்கு அது பாடம் நடத்தவே செலவானது. இருவரும் முன்பே ஒன்றிரண்டு மாதிரித் தேர்வுகள் எழுதிப் பழகியிருந்தால் இந்த நிலை வந்திருக்காது.

பாடக் குறிப்புகளிலும் இதே கதைதான். கணினித் திரையில் உள்ளதை எனக்கு வாய்விட்டுப் படித்துக்காட்டும் மென்பொருளான திரைவாசிப்பான் எழுத்தைப் படிக்கும், படத்தைப் படிக்காது. புத்தகப் பக்கங்களை ஸ்கேன் செய்து படமாக அனுப்பினால் என் கணினிக்கு அது வெற்றுத்தாள். தட்டச்சு செய்த மூலக்கோப்பு பெரும்பாலும் ஆசிரியரிடமே இருக்கும்; அதை அனுப்பினால் போதும். பதிப்புரிமையைக் காரணம் காட்டுவோரும் உண்டு. ஆனால் அச்சு நூல்களைப் படிக்க இயலாதவர்களுக்கு அணுகத்தக்க வடிவில் நூல்களை மாற்றித் தர வழிவிடும் மராக்கேஷ் உடன்படிக்கை 2013இல் ஏற்கப்பட்டு, 2016 முதல் நடைமுறையில் இருக்கிறது.

நான் என்னைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கிறேன். என் வகுப்பில் செவித்திறன் குறைந்த மாணவர் ஒருவர் உதட்டசைவைப் பார்த்துப் பாடம் கேட்கிறார்; ஆசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பியபடி பேசினால் அவருக்கு வகுப்பு அங்கேயே முடிந்துவிடுகிறது. கற்றல் குறைபாடோ மனநலப் பாதிப்போ உள்ளவர்களின் நிலை இன்னும் மோசம். "பார்த்தால் நன்றாகத்தானே இருக்கிறாய்?" என்ற கேள்வியைத் தாண்டித்தான் அவர்கள் விண்ணப்பத்தையே நீட்ட முடிகிறது. சிலர் அதற்கு அஞ்சிக் கேட்பதே இல்லை.

எங்கள் படிவத்தின் தலைப்பு 'சலுகை கோரும் விண்ணப்பம்'. அந்தச் சொல்லிலிருந்தே கோளாறு தொடங்குகிறது என்று நினைக்கிறேன். ஐக்கிய நாடுகள் அவை 2006இல் ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை, நியாயமான ஏற்பாடுகளை மறுப்பதைப் பாகுபாடு என்றே வரையறுக்கிறது. அதன் 24ஆம் பிரிவு உயர்கல்வியையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. அளவுக்கு மீறிய சுமையாக இருந்தால் மறுக்கலாம் என்ற விலக்கு அதில் உண்டு. ஒரு கோப்பை மின்னஞ்சலில் அனுப்புவது அப்படிப்பட்ட சுமையல்ல.

ஆகவே, சேர்க்கையின்போதே மாணவரிடம் பேசி, அவருக்கு வேண்டியவற்றை முடிவுசெய்து, அந்த ஒரே ஆணை படிப்பு முடியும்வரை அகமதிப்பீடு, செய்முறை, பருவத் தேர்வு அனைத்துக்கும் பொருந்தும்படி செய்ய வேண்டுகிறேன். நிலை மாறக்கூடியவர்கள் இடையில் திருத்தம் கேட்கவும் வழி இருக்க வேண்டும். எழுதுநர் யார் என்பது தேர்வுக்கு ஒரு மாதம் முன்பே உறுதியாக வேண்டும். ஆசிரியர்களுக்கு ஏற்பாட்டின் விவரம் போனால் போதும். மருத்துவ அறிக்கை போக வேண்டியதில்லை. மறுப்பதாக இருந்தால் காரணத்தை எழுத்தில் தந்து, மேல்முறையீட்டுக்குத் தேர்வு தொடங்குமுன் பதில் தர வேண்டும்.

அடுத்த பருவத் தேர்வுக்கான விண்ணப்பங்கள் சில வாரங்களில் வழங்கப்படும். ஆறாவது முறையாக நான் அந்த வரிசையில் நிற்பதற்குள் தங்கள் சுற்றறிக்கை கல்லூரிகளுக்கு வந்துசேர ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மூன்றாம் ஆண்டு பொருளாதார மாணவி

இணைப்பு: இரு சான்றிதழ்களின் நகல்கள், பழையதும் புதியதும். இரண்டிலும் எழுதியிருப்பது ஒன்றே.