சர்க்கரையும் ஷெரீப்பும்

அன்புள்ள சண்முகம்,

சர்க்கரை கடைசியில் என்னையும் தேடிக் கண்டுபிடித்துவிட்டது. நாணயம் எதுவும் சுண்டவில்லை. வெறும் வயிற்றில் ஒரு முறையும் இட்லி தின்ற இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறையும் ரத்தம் எடுத்து, முடிவைத் தாளில் அச்சடித்துக் கொடுத்துவிட்டார்கள். பயப்படாதே, மாத்திரையோடு நிற்கிறது. ராஜாமணியிடம் மட்டும் சொல்லிவிடாதே, பாகற்காய்ச் சாற்றோடு வீட்டுக்கே வந்துவிடுவான். உன் மகளின் நிச்சயதார்த்தத்துக்கு வராததற்கும் எட்டு மாதமாக ஒரு வரிகூட எழுதாததற்கும் சேர்த்து ஒரே மன்னிப்பாகக் கேட்டுக்கொள்கிறேன். கல்யாணத்துக்கு முதல் நாளே வந்து நிற்பேன்.

நான் எழுத வந்தது வேறு விஷயம். போன சனிக்கிழமை இரவு 'நோ கன்ட்ரி ஃபார் ஓல்ட் மென்' படத்தை மறுபடியும் பார்த்தேன்; பணத்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் மாஸ், அவனைத் துரத்தும், நாணயம் சுண்டி ஆளின் உயிரைத் தீர்மானிக்கும் கொலைகாரன் ஆன்டன் சிகுர் (நம் பேச்சில் 'சர்க்கரை'), இருவருக்கும் பின்னால் வந்துசேரும் ஷெரீப் பெல், அதே படம்தான். துண்டு துண்டாக எத்தனையோ முறை பார்த்திருந்தாலும், 2008இல் உன் மாடி அறையில் டிவிடி போட்டுப் பார்த்ததற்குப் பிறகு, முதலிலிருந்து கடைசிவரை எழுந்திருக்காமல் பார்த்தது இதுதான் முதல் முறை. இம்முறை பக்கத்தில் என் மகன் இளங்கோ இருந்தான். அவனுக்கு வயது பத்தொன்பது. எந்தப் படமானாலும் பாதியில் கைபேசியை எடுத்துவிடுவான்.

சர்க்கரை கடைக்காரக் கிழவரிடம் பூவா தலையா கேட்கும் பெட்ரோல் நிலையக் காட்சியில் இளங்கோவின் கை சிப்ஸ் பொட்டலத்துக்குள் போனது போனபடியே நின்றுவிட்டது. அந்தக் காட்சியில் இசையே இல்லை என்று நாம் இருவரும் சத்தியம் செய்துகொண்டிருந்தோம் அல்லவா, அது தவறாம். குளிர்சாதனப் பெட்டியின் ரீங்காரம் போலக் கேட்கும் 60 ஹெர்ட்ஸ் ஒலியை இசையமைப்பாளர் கார்ட்டர் பர்வெல் அடியில் ஓடவிட்டு, சர்க்கரை நாணயத்தை எடுக்கும்போது அதை மெல்ல ஏற்றி, கிழவர் பிழைத்ததும் இறக்கிவிடுகிறார். இறுதிப் பெயர்ப்பட்டியலோடு சேர்த்தே படம் முழுவதற்கும் ஏறத்தாழ 16 நிமிட இசைதான். தெரிந்த பிறகு கேட்டால் வயிற்றில் கேட்கிறது. ஆனால் என்னை இன்னமும் பிடித்து நிறுத்துவது அந்த முந்திரிப் பருப்பு உறைதான். சர்க்கரை அதைக் கசக்கிக் கல்லாமேசைமேல் வைக்கிறான். கேமரா அங்கேயே நிற்கிறது. உறை முறுக்கு விட்டு, சரசரத்துக்கொண்டு, தானாகவே கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிகிறது. அந்தக் கடை மனைவியின் அப்பாவுடையது என்று கிழவர் சொன்னதும் சர்க்கரை அவரை ஏற இறங்கப் பார்த்து, 'ஆக, கல்யாணத்தோடு வந்தது' என்கிற பாணியில் குத்துவானே, அப்போது உன்னையும் உன் மாமனார் வீட்டு மாடி அறையையும் நினைத்துக்கொண்டேன். கோபித்துக்கொள்ளாதே.

மாஸ் செத்துக் கிடக்கிற இடம் வந்ததும் இளங்கோ ரிமோட்டைப் பிடுங்கிவிட்டான். நடுவில் தூங்கிப்போய் ஒரு காட்சியைத் தவறவிட்டுவிட்டோம் என்று நினைத்திருக்கிறான். பின்னுக்கு ஓட்டினான். நீச்சல்குளத்துப் பெண் பீர் குடிக்கக் கூப்பிடுகிறாள், மாஸ் சிரித்துக்கொண்டே மறுக்கிறான், அடுத்த காட்சியில் ஷெரீப்பின் வண்டி எல் பாசோ விடுதிக்குள் நுழைகிறது, சுட்டவர்கள் வண்டியில் பறக்கிறார்கள், மாஸ் கதவருகே கிடக்கிறான். மறுபடியும் ஓட்டினான், நடுவில் ஒன்றுமில்லை. ஒன்றரை மணி நேரமாக நாம் யாரோடு ஓடிக்கொண்டிருந்தோமோ அவனைக் கொல்வதைக்கூடக் காட்டாமல் விட்டால் அது ஏமாற்று வேலை இல்லையா என்று கத்தினான். அன்று உன் அறையில் நான் போட்ட அதே கூச்சல்தான், ஏறக்குறைய அதே சொற்கள். எனக்கு வெட்கமாகிவிட்டது. நீ எனக்குச் சொன்னதையே அவனுக்குச் சொன்னேன்: கதை இருபது லட்சம் டாலரைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவனுடையது அல்ல, எல்லாம் முடிந்த பிறகு வந்து சேருகிறவருடையது, அதனால் அவர் எதைப் பார்க்கிறாரோ அதைத்தான் நாமும் பார்க்க முடியும். என் வாயிலிருந்து உன் வசனம் வந்துவிட்டது. 2008இல் கட்டிய பந்தயத்தில் தோற்றுவிட்டேன். தோற்றவன் கையால் கடிதம் எழுத வேண்டும் என்பதுதானே ஒப்பந்தம், இதோ எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் முழுதாகத் தோற்கவில்லை. ஷெரீப் பெல் எல்லா இடத்துக்கும் தாமதமாக வருகிறவர் என்றாய். பாலைவனத்துப் பிணங்களுக்கும் மாஸுக்கும் தாமதம்தான். மாஸின் டிரெய்லர் வீட்டில் பால் பாட்டில் வேர்த்திருக்கும்போதே வந்தும், சர்க்கரை உட்கார்ந்த அதே இடத்தில் உட்கார்ந்து, அதே பாலைக் குடித்து, அணைந்த தொலைக்காட்சிப் பெட்டியில் தன் நிழலைப் பார்த்துக்கொள்ளத்தான் அவரால் முடிகிறது. ('பால் குடித்தவனைத் தேடுகிறோம்' என்று ராஜாமணி ஓர் ஆண்டு முழுவதும் விடுதிச் சமையல்காரரைப் படுத்தியதை இளங்கோவிடம் சொன்னேன். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.) இவ்வளவும் சரி. ஒரே ஓர் இடத்தில் மட்டும் அவர் நேரத்துக்கு வந்துவிடுகிறார், சண்முகம். மாஸ் செத்த இரவில் அதே விடுதிக்கு அவர் திரும்பிப் போகிறாரே, அங்கே.

அவர் தற்செயலாகப் போகவில்லை என்பதை இம்முறைதான் கவனித்தேன். அதற்குச் சற்று முன்புதான் எல் பாசோ ஷெரீப்போடு காபி குடித்துக்கொண்டே, இந்தக் கொலைகாரன் கொலை நடந்த இடத்துக்கே மறுநாள் நடந்து திரும்பி வருகிறவன் என்று இருவரும் பேசிக்கொள்கிறார்கள். அந்தப் பேச்சு மனத்தில் தைத்துத்தான் அவர் வண்டியைத் திருப்புகிறார். கதவின் பூட்டு உருளை பறந்துபோய் வட்டமான ஓட்டை மட்டும் இருக்கிறது; அடிமாடுகளைச் சாய்க்கும் காற்றழுத்தக் கருவியின் வேலை. அந்த ஓட்டையின் பித்தளை விளிம்பில் உள்ளே இருட்டில் நிற்கிற சர்க்கரையின் மேல் படும் வெளிச்சம் நடுங்குகிறது. பெல் அந்த ஓட்டையைப் பார்க்கிறார். முகத்தில் ஒன்றுமே மாறவில்லை. டாமி லீ ஜோன்ஸ் டெக்சஸ்காரர், அந்த நிலம் போலவே முகத்தை வைத்துக்கொள்கிறார். திரும்பிப் போய்விடலாம், பார்க்க யாரும் இல்லை. அவர் துப்பாக்கியை உருவிக்கொண்டு கதவைத் தள்ளுகிறார்.

படத்தின் தொடக்கக் குரலில் அவர் சொல்வது நினைவிருக்கிறதா? தனக்குப் புரியாத ஒன்றை எதிர்கொள்ளப் பந்தயக் காய்களை முன்னே தள்ள விருப்பமில்லை, அப்படிச் செய்கிறவன் தன் ஆன்மாவையே பணயம் வைக்க வேண்டியிருக்கும் என்பார். எந்தக் கதவைத் தட்டமாட்டேன் என்று முதல் நிமிடத்தில் சொன்னாரோ அதைத்தான் இப்போது தள்ளித் திறக்கிறார். உள்ளே யாரும் இல்லை. கதவு போய்ச் சுவரில் மோதுகிறது, பின்னால் ஆள் நிற்க இடமில்லை. குளியலறைச் சன்னல் உள்பக்கம் தாழிட்டிருக்கிறது. கட்டிலில் உட்கார்ந்து பார்த்தால் காற்றுப்போக்கியின் மூடி கழன்று கிடக்கிறது, தரையில் திருகாணிகளும் ஒரு சில்லறைக் காசும். கிழவரின் உயிரை நாணயத்தில் வைத்து விளையாடியவனுக்கு இன்னொரு நாணயம் வெறும் திருப்புளி. இதை ஏன் நாம் ஒருநாளும் பேசவில்லை?

சர்க்கரை பக்கத்து அறையில் நின்றான் என்பது உன் கட்சி. பெல்லின் பயம்தான் அங்கே நிழலாக நின்றது என்பது ராஜாமணியின் கட்சி (அவன் பாதிப் படம் தூங்கினான் என்பதை மறந்துவிடாதே). படத்துக்கு மூலமான கார்மாக் மெக்கார்த்தியின் 2005ஆம் ஆண்டு நாவலில் இந்தப் புதிரே கிடையாது. அங்கே சர்க்கரை வெளியே வாகனங்களுக்கு நடுவில் வண்டிக்குள் உட்கார்ந்திருக்கிறான். படத்தை எடுத்த கோயன் சகோதரர்கள்தான் அவனைத் தூக்கிக் கதவுக்குப் பின்னால் வைத்தார்கள், வைத்துவிட்டு இல்லாமலும் ஆக்கினார்கள். எப்படித் தப்பினான் என்பது எனக்கு இப்போது பெரிதாகப் படவில்லை. பெல் துணிந்தார், ஆனால் அந்தத் துணிச்சலை வாங்கிக்கொள்ள எதிரே ஆள் இல்லை. அதுதான் அவரை உடைக்கிறது. நேரத்துக்கு வந்தும் ஒன்றும் ஆகவில்லை என்றால், தாமதமாக வந்ததாக எல்லாவற்றுக்கும் சொல்லிக்கொண்டிருந்த சமாதானமும் போய்விடுகிறதே. அதற்கு அடுத்துதான் அவர் சக்கர நாற்காலிக் கிழவர் எல்லிஸிடம் போய் உட்கார்கிறார். நாவலில் அங்கே போர்க்காலத்தில் தன் ஆட்களை விட்டுவிட்டு வந்த பழைய குற்றத்தைச் சொல்லிவிடுகிறார் பெல். படத்தில் அதை வெட்டிவிட்டார்கள். முன்பெல்லாம் அந்த வெட்டைத் திட்டிக்கொண்டிருந்தேன். இப்போது அது இல்லாததே நல்லது என்று தோன்றுகிறது. காரணம் தெரிந்திருந்தால், அது அந்த ஒரு மனிதரின் கதை என்று ஒதுக்கிவிட்டுப் போயிருப்போம். 1909இல் வாசலிலேயே சுடப்பட்டுச் செத்த உறவினரின் கதையைச் சொல்லி, இந்த ஊர் என்றைக்குமே இப்படித்தான், உலகம் உனக்காகக் காத்திருப்பதாக நினைப்பது வீண்கர்வம் என்று எல்லிஸ் முடிக்கும்போது, இளங்கோ 'பெரியவர் சரியாகக் கொடுத்தார்' என்றான்.

மாஸின் மனைவி கார்லா ஜீன் விஷயத்தை அவன்தான் கண்டுபிடித்தான் என்பதைப் பெருமையோடு தெரிவித்துக்கொள்கிறேன். சர்க்கரை வீட்டைவிட்டு வெளியே வந்து காலணியின் அடியைத் திருப்பிப் பார்த்ததுமே, 'கொன்றுவிட்டான் அப்பா' என்றான். தன்னைத் தேடி வந்த வெல்ஸைச் சுட்டபின் சர்க்கரை தொலைபேசியில் பேசிக்கொண்டே, தரையில் பரவும் ரத்தத்திலிருந்து காலை அலுங்காமல் தூக்கிவைத்ததை இளங்கோ மறக்கவில்லை. நமக்கு அது இரண்டாம் முறைதான் விளங்கியது. நாவலில் அவள் பூவா தலையா சொல்லித் தோற்கிறாள், படத்தில் சொல்லவே மறுக்கிறாள் என்றபோது, 'அப்படியானால் படத்தில் அவள் ஜெயித்துவிட்டாள்' என்றான். நான் ஒப்புக்கொள்ளவில்லை. செத்துப்போனவள் எப்படி ஜெயித்தவள் ஆவாள்? இரவு ஒரு மணிவரை சண்டை. நீ அவன் பக்கம்தான் பேசுவாய், தெரியும்.

கடைசிக் கனவைப் பற்றி அவனிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. உன்னிடம்தான் சொல்ல முடியும். காலை உணவு மேசையில் ஓய்வுபெற்ற பெல் மனைவியிடம் இரண்டு கனவுகளைச் சொல்கிறார். அப்பா செத்த வயதைத் தான் இருபது ஆண்டு தாண்டிவிட்டதாகவும், ஒருவகையில் அப்பாதான் இப்போது இளையவர் என்றும் சொல்வார். அன்று நாம் அந்த வரியை வைத்துக் கிண்டல் செய்தோம். என் அப்பாவுக்கு ஐம்பத்திரண்டுதான், உனக்குத் தெரியும், தூக்கியவர்களில் நீயும் ஒருவன். வருகிற ஜூனில் நான் அவரைத் தாண்டுகிறேன். பனி மலைக் கணவாயில் குதிரைமேல், கொம்புக்குள் நெருப்பை வைத்துக்கொண்டு, தலை குனிந்தபடி ஒன்றும் பேசாமல் மகனைக் கடந்து முன்னே போய்விடுகிறார் பெல்லின் அப்பா. என் அப்பா டிவிஎஸ் 50இல் பின்னால் அரிசி மூட்டையைக் கட்டிக்கொண்டு போவார், அவரும் திரும்பிப் பார்க்கமாட்டார். படம் முடிந்து திரை கறுத்ததும் இளங்கோ, 'இவ்வளவுதானா?' என்றான். ஆமாம் என்று சொல்லிவிட்டு மாத்திரை போட எழுந்துபோய்விட்டேன்.

கல்யாணத்துக்கு வரும்போது அந்த டிவிடியைத் தேடி எடுத்து வை. உன் மாமனார் அலமாரியில்தான் இருக்கும், அவர் எதையும் எறியமாட்டார். கதவு சுவரில் மோதுகிற இடத்தை மட்டும் ஒலியைக் கூட்டி மூன்று முறை ஓட்டுவோம். மோதவே இல்லை என்று நீ சாதித்தால் அடுத்த கடிதத்தையும் நானே எழுதுகிறேன். எனக்குப் பால் சர்க்கரை இல்லாமல்.

உன்,
பாஸ்கரன்