அரை ஏக்கர் கடுகுக்கு ஒரு நன்றி

எல்லாருக்கும் வணக்கம்.

தேன்கனிக்கோட்டைப் பக்கம் எங்கள் அரை ஏக்கர் கடுகை அடித்துத் தூற்றி முடித்தாயிற்று. 130 கிலோ. போன வருஷம் இதே நிலத்தில் 40 கிலோகூடத் தேறவில்லை. கூடுதலாக வந்ததில் என் சாமர்த்தியம் கொஞ்சம்தான், அதனால்தான் இந்த மடல்.

எங்கள் வீட்டில் கடுகு என்றால் ராகிக்கு நடுவே அக்கடி சாலில், அதாவது ஊடுபயிருக்கென்று இடையிடையே விடும் சாலில், போடுவதுதான். தனிப்பயிராக வைத்துப் பழக்கமில்லை. போன வருஷம் 2 கிலோ விதையைக் கையால் வீசினேன். ஓரிடத்தில் கொத்துக் கொத்தாக, இன்னோரிடத்தில் வெறும் மண். போதாததற்கு, டிஏபி உரம் ஒன்றே போதும் என்று ஒரு கடையில் சொன்னதை நம்பினேன்.

மேட்டுக்காட்டு அக்கா, முதல் நன்றி உங்களுக்கு. ஒரு கிலோ விதையை மணலில் கலந்து, ஒரு அடிக்கு ஒரு சாலாக, விரலிடுக்கில் விட்டுக்கொண்டே நடந்தீர்கள். "ஒரு அங்குலத்துக்கு மேல மூடாதே தம்பி, முளை மேல வராது" என்றீர்கள். பதினெட்டாம் நாள் வந்து, நாலு அங்குலத்துக்கு ஒரு செடியை விட்டு மற்றதைப் பிடுங்கியபோது எனக்கு வயிறு எரிந்தது. பிடுங்கியதைச் சாயங்காலமே கீரையாகக் கடைந்து கொடுத்தீர்கள். சரி, அப்புறம் என்ன பேசுவது! நின்ற செடிகள் பக்கக்கிளை விட்டபோதுதான் புத்தி வந்தது.

அடுத்து நம் வேளாண் அலுவலர் சார். என் போனில் இருந்த போன வருஷப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, "அடியிலை மஞ்சளானா தழைச்சத்துக் குறை. இங்கே கொழுந்துதான் மஞ்சள், கந்தகம் பத்தலை" என்றார். மண் பரிசோதனையும் அதையே சொன்னது. கடுகின் காரமே கந்தகத்தில்தான் இருக்கிறதாம். டிஏபியில் அது கிடையாது. அதனால் கந்தகம் உள்ள உரங்களாகச் சொன்னார்: கடைசி உழவில் ஒரு மூட்டை ஜிப்சம், டிஏபிக்குப் பதில் சூப்பர் பாஸ்பேட். யூரியாவைக் கொஞ்சம் தாராளமாகப் போடலாமே என்று நான் இழுத்தபோது, இலை கொழுத்தால் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி வந்து அப்பும் என்று தடுத்தவரும் அவரே.

ஐப்பசியில் ஈரம் காயுமுன் ஏர் கொண்டுவந்த மாமாவுக்கும், மண் மாதிரிக்காகப் பத்து இடத்தில் குழி தோண்டிய அக்கா மகனுக்கும் நன்றி. அவன் ஒரு குழியை எருக்குப்பை ஓரமாகவே தோண்டினான், அதை மட்டும் தள்ளிவிட்டோம்.

ஆளுக்கு இரண்டு படி கடுகு எடுத்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாருங்கள். பை கொண்டுவாருங்கள், எங்கள் வீட்டுச் சாக்கெல்லாம் ஓட்டை.