முள்முருங்கை ஊரில் மூன்று நாள்

அன்புள்ள சேது,

உன் கடிதம் கைக்கு வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. வேலைப்பளு என்று சொன்னால் நீ நம்ப மாட்டாய், அதனால் சொல்லவில்லை. அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனசு ஆறியது. இன்னொரு கண்ணையும் தள்ளிப் போடாமல் பார்த்துவிடு. சொட்டு மருந்தை மறக்கக் கூடாது என்று நான் சொன்னதாகச் சொல். நீ சொன்னால்தான் கேட்க மாட்டார், நான் சொன்னால் கேட்பார்.

நாங்கள் இருவரும் சௌக்கியம். வசந்திக்குச் சீனாவின் இந்த ஷென்ஜென் நகரம் இன்னும் பிடிபடவில்லை. "கட்டடம், கட்டடம், நடுவுல இன்னொரு கட்டடம்" என்பாள். அதனால் ஏப்ரலில் சிங்மிங்குக்கு மூன்று நாள் சேர்ந்தாற்போல் லீவு வந்ததும், எங்காவது பழைய ஊராகப் பார்த்துப் போய்வரலாம் என்று கிளம்பினோம். சிங்மிங் என்பது முன்னோர் கல்லறைக்குப் போய்ப் புல் செதுக்கி, பெருக்கி, படையல் வைக்கிற நாள். நம் ஆடி அமாவாசை மாதிரி என்று வைத்துக்கொள், காவிரி மட்டும்தான் இல்லை. நாடே சொந்த ஊருக்குக் கிளம்பும். ரயிலில் எங்களுக்கு வேறு வேறு பெட்டியில்தான் சீட் கிடைத்தது. நாலு மணி நேரம் அவள் அங்கே, நான் இங்கே. முப்பது வருஷத்தில் இவ்வளவு அமைதியான பயணம் போனதில்லை (இதை அவளிடம் சொல்லித் தொலைக்காதே).

போன ஊர் சுவான்ஜோ, ஃபூஜியன் மாகாணத்துக் கடற்கரையில் இருக்கிறது. குவாங்சோ வேறு, இது வேறு. என் வாயில் இரண்டும் ஒன்றாக வருவதால் ஆபீஸில் எழுதிக் காட்ட வேண்டியதாயிற்று. உன்னைப் போல வரலாற்று வாத்தியாருக்கு சைத்தூன் என்றால் புரியும். மார்க்கோ போலோவும் இபின் பதூதாவும் அந்தப் பெயரில்தான் இந்தத் துறைமுகத்தைப் பற்றி எழுதினார்கள். பெயர் வந்த கதையைக் கேள். பத்தாம் நூற்றாண்டில் இந்த ஊர் மதிலைச் சுற்றி ஒரு மரத்தை வரிசையாக நட்டார்கள். சீனத்தில் அதற்கு ட்சுதோங் என்று பேர், அது அரபு வியாபாரிகள் வாயில் சைத்தூன் ஆகிவிட்டது. என்ன மரம் என்கிறாய்? நம் கல்யாண முருங்கை! முள்முருங்கை என்று உங்கள் கொல்லையில் மிளகுக்கொடி ஏற்றி வைத்திருந்தீர்களே, அதேதான். இலை குறைந்து சிவப்புச் சிவப்பாகப் பூத்து நின்றது. வசந்தி அண்ணாந்து பார்த்துவிட்டு, "கொஞ்சம் தளிர் கிடைச்சா அடை தட்டலாம்" என்றாள். வழவழவென்று இருக்குமே சாட்டின் துணி, அந்தப் பெயரும் சைத்தூனிலிருந்து வந்தது என்பார்கள். இத்தனை வருஷம் துணி வாங்கி விற்றும் எனக்கு இது தெரியாது.

முதல் ராத்திரியே ஒரு கூத்து. அறை பதிவு செய்திருந்த விடுதியில் பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் கவுண்டரில் இருந்த பெண் விழித்தாள். வெளிநாட்டுக்காரர்களை எப்படிப் பதிவு செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை, முதலாளி போனை எடுக்கவில்லை. மணி பதினொன்று. நான் குரலை உயர்த்தலாமா என்று யோசிப்பதற்குள் அவளே நாலு இடத்துக்குப் போன் போட்டு, எங்கள் பெட்டியைத் தானே இழுத்துக்கொண்டு இரண்டு தெரு தள்ளி இன்னொரு விடுதியில் கொண்டுபோய்ச் சேர்த்தாள். திட்டவும் முடியவில்லை, மனசாரப் பாராட்டவும் முடியவில்லை.

இனி சாப்பாடு. நீ சைவம், அடுத்த பத்தியைத் தாண்டிப் போய்விடு.

காலையில் இந்த ஊர்க்காரர்கள் சாப்பிடுவது மியன்சியன்ஹு. தலைமுடி கனத்துக்கு ஒரு நூடுல்ஸ், அதை எலும்பு ரசத்தில் போட்டுக் கிண்டிக் கிண்டி, நூலுமில்லாமல் கூழுமில்லாமல் ஆக்கிவிடுகிறார்கள். அண்டாவுக்குப் பக்கத்தில் பத்துப் பதினைந்து தட்டுகள். சிப்பி, காடியில் ஊறிப் பொரித்த பன்றிக்கறி, குடல், எண்ணெயில் பொரித்த நீள ரொட்டி. நாம் விரலைக் காட்ட வேண்டியதுதான், அந்த அம்மாள் கத்தரிக்கோலை எடுத்துக் கிண்ணத்துக்கு மேலேயே நறுக் நறுக்கென்று வெட்டிப் போடுகிறாள். தையல்கடை கத்தரிக்கோல் மாதிரியே இருந்தது. மேலே ஒரு சிட்டிகை வெள்ளை மிளகுத்தூள். அந்த ஒரு சிட்டிகைதான் எல்லாவற்றையும் தூக்கி நிறுத்துகிறது. அப்புறம் இஞ்சி வாத்து. முற்றின இஞ்சியைத் தட்டையாக அரிந்து மண்சட்டியில் நல்லெண்ணெய் விட்டு வாத்தோடு வதக்குகிறார்கள். தெரு முழுக்க நல்லெண்ணெய் வாசம், எனக்குத் தீபாவளி ஞாபகம் வந்துவிட்டது. வாத்தை விட அடியில் முறுகிக் கிடந்த இஞ்சிதான் ருசி. கடைசியாக துசுன்தோங். கடற்கரைச் சேற்றில் இருக்கிற ஒரு புழுவை வேகவைத்தால் அதுவே உறைந்து ஜெல்லி ஆகிறது. கண்ணாடி மாதிரித் தெளிவு, உள்ளே சுண்டுவிரல் நீளத்துக்குச் சாம்பல் நிறத்தில் அவர். பூண்டும் காடியும் ஊற்றித் தருவார்கள். நான் இரண்டு சாப்பிட்டேன். வசந்தி எதிர்ச் சாரிக்குப் போய் நின்றுகொண்டாள்.

உனக்கும் இருக்கிறது. சிங்மிங் சமயத்தில் வீட்டுக்கு வீடு ருன்பிங் செய்கிறார்கள். தோசையை விட மெல்லிசான ஒரு ஆடை, உள்ளே கோஸ், கேரட், பொரித்த பாசி, வேர்க்கடலைப் பொடி, சர்க்கரை. கறி போடாமல் என்று இரண்டு தரம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். வெயிலுக்கு ஷிஹுவாகாவ் என்று கடல்பாசி ஜெல்லி. வாயில் போட்டதும் எனக்குச் சந்தேகமே இல்லை, மதுரையில் ஹாஸ்டலுக்குத் தெரியாமல் ஓடிப்போய்க் குடித்த ஜிகர்தண்டாவில் அடியில் வழுக்குமே, அதே சங்கதி. வீட்டில் சைனா கிராஸ் என்றுதானே வாங்குவோம்? இத்தனை நாள் அந்தப் பெயரை நான் யோசித்ததே இல்லை.

இரண்டாம் நாள் காய்யுவான் கோயில். 686-இல் தொடங்கிய பௌத்தக் கோயில். ஒரு முசுக்கட்டை மரத்தில் தாமரை பூத்ததாகவும், அதைப் பார்த்த பட்டுத்தோட்டக்காரர் நிலத்தைத் தானமாகக் கொடுத்ததாகவும் தலபுராணம். அந்த மரம் என்று ஒன்றை இன்றைக்கும் முட்டுக் கொடுத்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். இரண்டு பக்கமும் பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கல் கோபுரங்கள், கிழக்கில் இருப்பது சுமார் 48 மீட்டர். 1604-இல் வந்த பெரிய பூகம்பத்தையே தாங்கினவை. மேற்குக் கோபுரத்தில் கத்தி பிடித்த குரங்கு ஒன்று இருக்கிறது. அனுமார் என்கிறார்கள் சிலர். எனக்கு அவ்வளவாக அனுமார் ஜாடை தெரியவில்லை. நடுவில் இருப்பது நூற்றுக்கால் மண்டபம். எண்ணினால் 86 தூண்தான். நம் ஆயிரங்கால் மண்டபத்தில் ஆயிரமா இருக்கிறது?

அந்த மண்டபத்தின் பின்பக்கத் தாழ்வாரத்துக்குப் போனால் பதினாறு பட்டை போட்ட இரண்டு கருங்கல் தூண்கள். நடுநடுவே வட்டத்துக்குள் சிற்பம். ஒன்றில் நரசிம்மர் இரணியனை மடியில் போட்டுக் கிழிக்கிறார். ஒன்றில் குட்டிக் கண்ணன் மருத மரங்களைச் சாய்க்கிறான். ஒன்றில் யானையும் முதலையும். மண்டபத்துக்கு முன்னால் இருக்கிற மேடையின் அடியில் மனித முகமும் சிங்க உடம்புமாக எழுபதுக்கு மேல் பலகைகள், ஜனங்கள் அதற்கு மேலேதான் ஏறி ஊதுபத்தி கொளுத்தப் போகிறார்கள். எல்லாம் இங்கே இருந்து இடிந்துபோன நம்மவர் கோயிலின் கற்கள். 1281 தேதியிட்ட தமிழ்க் கல்வெட்டு இந்த ஊரில் கிடைத்தது உனக்குத் தெரியும். சகாப்தம் 1203, சித்திரை மாதம், மங்கோலிய மன்னர் கானின் உடல்நலத்துக்காகச் சம்பந்தப் பெருமாள் என்பவர் இறைவனை எழுந்தருளச் செய்தார் என்று வரும். எழுபது எண்பது வருஷத்தில், மங்கோலியரின் யுவான் ஆட்சி முடிகிற சமயத்தில், 1357-லிருந்து 1366 வரை இங்கே நடந்த கலகத்தோடு வெளிநாட்டு வியாபாரிகளின் வாழ்வு போயிற்று. பிறகு வந்த மிங் வம்சக் காலத்தில் பௌத்தக் கோயிலைப் புதுப்பித்தவர்கள் கிடந்த தூண்களை எடுத்து நிறுத்திக்கொண்டார்கள்.

நான் ஒரு பெரிய உணர்ச்சியோடு போயிருந்தேன், சேது. ஷென்ஜெனிலேயே மனசுக்குள் பிரசங்கம் தயார். அங்கே போனால் அந்தத் தூணின் அடியில் ஒரு பாட்டி வெந்நீர் பிளாஸ்க்கை வைத்துவிட்டு, பேரனுக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பையன் கொட்டையை நரசிம்மர் பக்கம் துப்பினான். தூண்கள் கூரையைத் தாங்கிக்கொண்டு தங்கள் பாட்டுக்கு நின்றன. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். வசந்தி முந்திக்கொண்டாள்: "நல்ல தூணா இருந்திருக்கு, எடுத்து வச்சுக்கிட்டாங்க. நம்ம ஊர்ல மட்டும் பழைய கோயில் கல்லைப் பேத்து மதில் கட்டலையா?" என் பிரசங்கம் அங்கேயே முடிந்தது.

கோயில் வளாகத்திலேயே ஒரு பழைய கப்பல் இருக்கிறது. யுவானுக்கும் முந்தைய சோங் வம்சக் காலத்துக் கப்பல், 1974-இல் துறைமுகச் சேற்றிலிருந்து தோண்டி எடுத்தார்கள். பதின்மூன்று அறைகளாகத் தடுத்த அடிப்பாகம் மட்டும் மிச்சம். வாசனை மரக்கட்டைகளோடு மிளகும் பாக்கும் கிடைத்தனவாம். கறுத்த பலகைகளைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றோம்.

மத்தியானம் லுவோயாங் பாலம். 1053 முதல் 1059 வரை ஆறு வருஷம் கட்டினது. கடலும் ஆறும் கலக்கிற இடம், ஒவ்வொரு ஏற்றத்துக்கும் கல் ஆடும். என்ன செய்தார்கள் தெரியுமா? பாலத்தின் கால்களில் சிப்பியை வளர்த்தார்கள். சிப்பி ஓடுகள் ஒன்றோடொன்று ஒட்டி வளர்ந்து கல்லைக் கல்லோடு கவ்விப் பிடித்துக்கொண்டது, உயிருள்ள சுண்ணாம்பு! நாங்கள் போனபோது வற்றம். கீழே சேற்றில் ரப்பர் பூட்ஸ் போட்ட பெண்கள் கொக்கியால் சிப்பியைப் பெயர்த்துக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். ராத்திரி சிப்பி ஆம்லெட் சாப்பிட்டபோது பாலத்தையே தின்கிற மாதிரி இருந்தது.

ஷுன்பு மீனவ கிராமத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெண்கள் கொண்டையைச் சுற்றி வட்டம் வட்டமாகப் பூ வைப்பது அங்கே வழக்கம். இப்போது ஊருக்கு வருகிற பெண்களெல்லாம் காசு கொடுத்து அப்படி வைத்துக்கொண்டு படம் எடுக்கிறார்கள், தெரு முழுக்கக் கேமரா. எனக்கு அலுத்துவிட்டது. வசந்தியும் வைத்துக்கொண்டாள். வைத்துவிட்ட கிழவி அவள் கூந்தலைக் கையில் எடுத்துப் பார்த்து, பக்கத்துக் கடைக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினாள். அன்று முழுக்க இவள் பூவைக் கழற்றவில்லை. சுவர்களில் செங்கல்லுக்குப் பதில் பெரிய பெரிய சிப்பி ஓடுகள் பதித்த பழைய வீடுகள் அங்கே உண்டு. கூட்டத்தில் அதை யாரும் பார்ப்பதில்லை.

சாயங்காலம் ஒரு தேயிலைக் கடையில் உட்கார்ந்தோம். பக்கத்து ஆன்ஷியில் விளைகிற தியேகுவான்யின். சுண்டைக்காய் அளவு கிண்ணத்தில் ஊற்றி ஊற்றித் தருகிறார்கள். கடைக்காரர் மாண்டரின் பேசவில்லை, ஊர் மொழியான மின்னானில் "லிம் தே, லிம் தே" என்றார். 'குடி' என்கிறார் என்று கையைப் பார்த்துப் புரிந்தது. 'தே' மட்டும் காதில் நின்றது. நாம் தேயிலை என்கிற அந்தத் 'தே' இவர்கள் வாயிலிருந்து கிளம்பி வந்ததுதான். நான் பையிலிருந்த பொட்டலத்தைக் காட்டித் "தே இலை" என்று பிரித்துச் சொன்னேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை, இன்னும் ஒரு கிண்ணம் ஊற்றினார்.

கடைசி நாள் காலையில் ரயிலுக்கு முன்னால் கடல்சார் அருங்காட்சியகம். மதிலை இடித்தபோது சிதறிய சமயக் கற்களை வூ வென்லியாங் என்ற பள்ளிக்கூட வாத்தியார் தேடித் தேடிச் சேர்த்திருக்கிறார், பிறகு அரசுக்குக் கொடுத்துவிட்டார். அவர் பாடம் நடத்தியது உயிரியல். உன்னை நினைத்துக்கொண்டேன், நீயும் ஞாயிற்றுக்கிழமைகளில் வயல்வெளிக் கல்லுக்கு மாவு பூசிப் படித்தவன்தானே. இந்துச் சிற்பங்கள் இருக்கிற கூடத்தில் ஒரு பலகைக்கு முன்னால் நான் நின்றுவிட்டேன். நடுவில் லிங்கம். பக்கத்தில் ஒரு யானை, தும்பிக்கையில் பூவை எடுத்து நீட்டுகிறது. சிலந்தியைத் தேடிப் பார்த்தேன், என் கண்ணுக்குப் படவில்லை. சீனத்துச் சிற்பி உளி பிடித்திருக்க வேண்டும், யானையின் வளைவில் அது தெரிகிறது. ஆனால் கதை, யானையும் சிலந்தியும் சிவனைப் பூஜித்த உங்கள் திருவானைக்காக் கதை. உங்கள் வீட்டு வாசலிலிருந்து ஐந்து நிமிஷம் நடந்தால் வருகிற கதை.

படத்தை உன் பேத்தியின் போனுக்கு அனுப்பியிருக்கிறேன், பார். ஒரு வேலை செய். இந்த வாரம் கோயிலுக்குப் போகும்போது, அங்கே தூண்களில் யானை பூஜை செய்கிற சிற்பம் இருக்கிறதல்லவா, அதில் தும்பிக்கை எந்தப் பக்கம் வளைகிறது, பிடித்திருப்பது தாமரையா வேறு பூவா என்று பார்த்து எழுது. முடிந்தால் படமாகவே அனுப்பு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

வசந்தி அம்மாவைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். அரை கிலோ தேயிலை தனியாக வைத்திருக்கிறேன், மார்கழியில் வரும்போது கொண்டு வருகிறேன். பால் ஊற்றிக் கெடுத்துவிடாதே.

அன்புடன்,
ராமு