மைலோடு எடையையும் எண்ணுங்கள்

மைல் கணக்கில் சாலை வரி போட யோசிக்கும் அமெரிக்க மாநிலங்களின் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம். வரியே வேண்டாம் என்று மல்லுக்கு நிற்க இதை எழுதவில்லை. சாலையில் ஓடுகிற தூரத்துக்குக் காசு கட்டுவது நியாயம்தான். என் வழக்கெல்லாம் தூரத்தை மட்டும் எண்ணிவிட்டு எடையை விட்டுவிடுவீர்களோ என்பதுதான்.

பெட்ரோல் வரி இனி தாங்காது என்பது புரிகிறது. ஒரு கேலன் பெட்ரோலுக்கு ஒரு சென்ட் என்று 1919இல் ஒரிகன் மாநிலம் முதலில் ஆரம்பித்தது. கூட்டாட்சி அரசின் வரியோ 1993இலிருந்து 18.4 சென்ட்டிலேயே நிற்கிறது. தாரின் விலையும் ஆள் கூலியும் அப்படியா நிற்கின்றன? கார்கள் முன்னைவிடக் குறைவாகக் குடிக்கின்றன, மின்கார் ஒரு சொட்டும் குடிப்பதில்லை. 2008இலிருந்து, நெடுஞ்சாலை நிதியில் துண்டு விழும்போதெல்லாம் பொதுக் கஜானாவிலிருந்து எடுத்து அடைக்கிறார்கள்.

நான் வேலைக்குப் போகும் வழியில் ஒரு பள்ளம் இருக்கிறது. குளிர்காலத்தில் தாரின் விரிசலில் தண்ணீர் இறங்கும், இரவில் உறையும். உறைகிற தண்ணீர் சுமார் ஒன்பது சதவீதம் பருக்கும், பகலில் உருகி வடியும். சில வாரம் இப்படியே போனால், மேலே தார் இருக்கும், அடியில் ஒன்றும் இருக்காது. அப்புறம் ஒரு பாரவண்டி ஏறினால் போதும். மார்ச் மாதம் இரண்டு பேர் வருவார்கள். பள்ளத்தில் நிற்கும் தண்ணீரைக்கூட எடுக்காமல் கலவையை அள்ளிப் போட்டு, மண்வெட்டியின் முதுகாலேயே நாலு தட்டு தட்டிவிட்டுக் கிளம்புவார்கள். மூன்றாவது வாரம் அந்தக் கலவை சாலையோரத்தில் கறுப்புச் சரளையாகக் கிடக்கும். பள்ளம் பழையபடி வாயைத் திறந்திருக்கும். அந்த இரண்டு பேரை நான் குறை சொல்ல மாட்டேன், அவ்வளவு வேலைக்குத்தான் காசு ஒதுக்கியிருக்கிறது. போன வருஷம் அதில் இறங்கி என் முன்சக்கர ரிம் கோணிப்போனது.

சரி, கணக்குக்கு வருவோம். ஒரிகனில் 2024இல் பெட்ரோல் வரி கேலனுக்கு 40 சென்ட். அங்கே 2015இலிருந்து விருப்பப்பட்டவர்கள் சேரும் மைல் கட்டணத் திட்டம் ஒன்று இருக்கிறது. அதே 2024இல் அதன் விகிதம் மைலுக்கு 2 சென்ட். வருஷத்துக்கு 12,000 மைல் ஓடும் இரண்டு வண்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். கேலனுக்கு 15 மைல் தரும் பெரிய பிக்கப் டிரக் பெட்ரோல் வரியாக 320 டாலர் கட்டும். 50 மைல் தரும் ஹைபிரிட், அதாவது பெட்ரோலும் பேட்டரியும் சேர்ந்து ஓட்டும் கார், 96 டாலர் கட்டும். பெட்ரோல் வரியை எடுத்துவிட்டு எல்லோருக்கும் மைலுக்கு 2 சென்ட் என்று வைத்தால் இரண்டுக்கும் 240. பெரிய வண்டிக்காரருக்கு 80 டாலர் லாபம். யோசித்துச் சின்ன வண்டி வாங்கியவர் தலையில் 144 டாலர் கூடுதல். இதுவா சீர்திருத்தம்?

சாலையைத் தேய்ப்பது எது என்பது தெரியாத விஷயமில்லை. 1958 முதல் 1960 வரை இல்லினாய் மாநிலத்தின் ஒட்டாவா ஊருக்கருகே சோதனைச் சாலைகள் போட்டு, ராணுவ வீரர்களை வைத்து லாரிகளை ஓட்டோ ஓட்டென்று ஓட்டிப் பார்த்தார்கள். சக்கரங்களைத் தாங்கும் அச்சின் மேல் இருக்கும் பாரம் இரண்டு மடங்கானால் சேதம் ஏறக்குறைய பதினாறு மடங்காகும் என்று அதிலிருந்து கணக்குக் கிடைத்தது. 4,000 பவுண்டு காரில் ஓர் அச்சுக்கு 2,000 பவுண்டு. நெடுஞ்சாலையில் லாரியின் ஒற்றை அச்சுக்குக் கூட்டாட்சிச் சட்டம் விடுவது 20,000. பாரம் பத்து மடங்கு, சேதமோ சுமார் பத்தாயிரம் மடங்கு! ஒன்பதாயிரம் பவுண்டைத் தொடும் மின் பிக்கப்புகூட இதன் முன்னால் பூனைக்குட்டிதான். ஆனாலும் அதையும் சின்ன மின்காரையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

லாரிக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும், அவர்கள் பக்கத்தையும் கேட்க வேண்டும். ஒரிகன், 26,000 பவுண்டுக்கு மேற்பட்ட வண்டிகளிடம் எடையையும் மைலையும் சேர்த்துத்தான் வெகுகாலமாக வரி வாங்குகிறது. யார் எவ்வளவு சேதம் செய்கிறார்கள், யார் எவ்வளவு கட்டுகிறார்கள் என்று இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அங்கே ஆய்வும் நடக்கிறது. அந்த ஆய்வைக் காட்டித்தான், பங்குக்கு மேல் வாங்குகிறீர்கள் என்று லாரி உரிமையாளர்கள் 2024இல் வழக்குப் போட்டார்கள். அப்படி வழக்குப் போட முடிந்ததே நல்ல விஷயம் என்பேன். கணக்கு வெளியில் இருந்தால்தானே சண்டை போட முடியும்?

இன்னொரு பயம், வண்டி எங்கே போகிறது என்று அரசு பார்க்குமோ என்பது. அதற்கு அவசியமே இல்லை. நியூசிலாந்தில் 1978இலிருந்து டீசல் வண்டிகள் தூரத்துக்குக் காசு கட்டுகின்றன. ஆயிரம் ஆயிரம் கிலோமீட்டராக முன்கூட்டியே வாங்க வேண்டும், சின்ன வண்டிகளுக்கு ஓடிய தூரத்தைக் காட்டும் ஓடோமீட்டர்தான் சாட்சி. கனரக வண்டிக்கு எடையையும் அச்சுகளின் எண்ணிக்கையையும் பார்த்து விகிதம் மாறும். 2024 ஏப்ரலில் மின்கார்களையும் அதே வரிசையில் சேர்த்துவிட்டார்கள். ஜிபிஎஸ் பெட்டியைக் கட்டாயமாக்கவில்லை.

முன்கூட்டி வாங்குவது நம் ஊரில் சிலருக்குச் சிரமம். வாடகை கட்டுப்படியாகாமல் தள்ளிக் குடியிருந்து, தினமும் அறுபது மைல் ஓட்டி வேலைக்கு வருபவரிடம் வருஷக் கடைசியில் ஒரே பில்லை நீட்டுவதும் கொடுமை. பெட்ரோல் வரி டேங்க் நிரப்பும்போது சில்லறை சில்லறையாகப் போனதால் யாருக்கும் வலித்ததில்லை. மாதத் தவணை வையுங்கள்.

மசோதாவை அவைக்குக் கொண்டுவரும் முன்னால், ஒரிகன் செய்வது போன்ற ஆய்வு ஒன்றை உங்கள் மாநிலத்திலும் நடத்தி, எந்த எடை வண்டிக்கு எவ்வளவு பங்கு என்ற பட்டியலை வெளியிடுங்கள். அதில் என் காருக்கு வரும் தொகையை முனகாமல் கட்டுகிறேன். ஓடோமீட்டரைப் படம் எடுத்து எந்தத் தேதிக்குள் அனுப்ப வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ரிம் கோணிய ஒரு கார்க்காரன்