ஜே.சி.பி. வர்றதுக்கு முன்னாடி எல்லைக் கல்லைத் தேடுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

கும்மிடிப்பூண்டி லோக்கல்ல மீஞ்சூர் தாண்டி எந்த ஸ்டேஷன்ல எறங்கினாலும் இப்போ ஒரே நோட்டீஸ்தான் கண்ணுல படுது, கரண்டு கம்பத்துல, டீக்கடை சுவத்துல, "முள்ளுக்காடு ரெண்டே நாள்ல க்ளியர், ஷெட்டும் போட்டுத் தரப்படும்"னு. நான் விம்கோ நகர்ல ஃபேப்ரிகேஷன் வேலை பாக்குறவன், ஷெட் போடுறதுதான் எனக்கு தொழிலே, அதனால ஷெட் போடாதீங்கன்னு சொல்ல வரல. அந்த ரெண்டு நாள்ல நிலத்துலேர்ந்து என்னென்ன காணாமப் போகுதுன்னு நம்ம ஜனங்களுக்குத் தெரியணும், அதுக்குத்தான் இந்த லெட்டர், கொஞ்சம் பெருசா போயிருச்சு, குறைக்காம போடுங்கன்னு கேட்டுக்கறேன்.

திருவொத்தியூர், தண்டையார்பேட்டை, காசிமேடு, வியாசர்பாடின்னு நம்ம வடசென்னையில நெறைய குடும்பத்துக்கு பொன்னேரி பக்கமோ கவரைப்பேட்டை பக்கமோ ஊத்துக்கோட்டை பக்கமோ ஒரு துண்டு நிலம் இருக்கு. தாத்தா காலத்துல ஹார்பர் வேலைக்கும் பின்னி மில்லு வேலைக்கும் ரயில்வே வேலைக்கும் பட்டணம் வந்தவங்க, நிலத்தை சொந்தக்காரங்க யார்கிட்டயாவது குத்தகைக்கு விட்டுட்டு வந்துட்டாங்க, அப்புறம் அவங்களும் பயிர் வைக்கறதை விட்டுட்டாங்க. சும்மா கெடந்தா போதும், சீமைக் கருவேலம் ஏறிடும். எங்க அம்மா வழி தாத்தா நிலமும் அப்படித்தான், ஆரணி ஆத்துக்கு கிட்டக்க, ஆயா இருந்த வரைக்கும் யாரும் பங்கு பத்தி பேசல, இப்போ அம்மா, ரெண்டு மாமா, சித்தின்னு நாலு பேருக்கு பாத்தியம். காட்டை எடுத்துட்டு வைக்கோல், உர மூட்டை, டில்லர் வைக்க ஒரு கொட்டா போடலாம்னு பேசி முடிவாச்சு. செவுரு, அஸ்திவாரம் எதுவும் இல்லாம காலை மண்ணுல ஆழமா நட்டு மேல ஷீட்டு போடுற மாதிரி. அமெரிக்காவுல இருக்கிற சித்தி பையன் போட்டோ அனுப்பினான், அங்க இதுக்கு போல் பார்ன்னு பேராம், 1930கள்ல பணமுடை காலத்துல விவசாயிங்க மத்தியில பரவுன முறையாம். நம்ம ஊர்ல சவுக்குக் கழி நட்டு கீத்துக் கொட்டா போடுறதும் அதே வேலைதானே, அவங்க மருந்து ஏத்தின மரம் போடுறாங்க, அவ்ளோதான்.

சரி விஷயத்துக்கு வரேன். நிலத்தை க்ளியர் பண்ணணும்னா எல்லாரும் முதல்ல ஜே.சி.பி. நம்பரைத்தான் தேடுறாங்க. முதல்ல தேட வேண்டியது புல வரைபடம், எஃப்.எம்.பி.ன்னு சொல்றாங்களே, நிலத்தோட வடிவமும் பக்க அளவும் போட்ட சர்வே படம், அது. பட்டாவும் அதுவும் ஆன்லைன்லயே எடுக்கலாம், இ-சேவை மையத்துலயும் கேக்கலாம். பட்டாவுல ஹெக்டேர், ஏர்னு போட்டிருக்கும், நம்மாளுங்க சென்ட்லதான் பேசுவாங்க, அங்கயே பாதி சண்டை ஆரம்பிக்குது. ஒரு ஏர்னா சுமார் 2.47 சென்ட், 40.5 ஏர் சேர்ந்தா ஒரு ஏக்கர், இதை ஒரு பேப்பர்ல எழுதி வச்சுக்கிட்டு போங்க. நெறைய பேருக்கு 1980கள்ல நிலப் பதிவேட்டைப் புதுப்பிக்க நடந்த யு.டி.ஆர். சர்வேயில பேர் மாறியிருக்கும், இல்ல பரப்பு கொறைஞ்சிருக்கும், அது இப்பத்தான் தெரிய வரும்.

அந்த வரைபடத்துல மூலைக்கு மூலை ஒரு புள்ளி இருக்கும் பாருங்க, அதுதான் சர்வே கல்லு. எங்க பெரிய மாமாவுக்கு எழுபது வயசு தாண்டிருச்சு, அவர் சின்னப் பையனா இருக்கும்போது அந்தக் கல்லு மேல உக்காந்து மாடு மேய்ச்சவரு, அவர்தான் முள்ளுக்குள்ள கடப்பாரையால தட்டித் தட்டிப் போனாரு. மண்ணுல குத்தும்போது ஒரு சத்தம், வேர்ல பட்டா ஒரு சத்தம், கல்லுல பட்டதும் டங்னு வேற மாதிரி கேட்டுச்சு. கரையான் புத்து மூடி, அது மேல கோவைக்கொடி படர்ந்து, அரை அடி கருங்கல்லு, தலையில கோடு வெட்டியிருக்கு. அதுக்கு சுண்ணாம்பு அடிச்சு பக்கத்துல சிவப்புத் துணி கட்டின கழி நட்டோம். இதை ஜே.சி.பி. பக்கெட் ஒரு இழுப்புல தூக்கி முள்ளுக்குவியலோட போட்டிருக்கும், ஓட்டுறவருக்கு அது என்னன்னே தெரியாது, அவரைக் குத்தம் சொல்லவும் முடியாது. 1923ல போட்ட சர்வே எல்லைகள் சட்டப்படி இந்தக் கல்லை பாதுகாக்குறது நில உரிமையாளர் பொறுப்பு, பிடுங்கிப் போட்டா குத்தம். கல்லு போச்சுன்னா பக்கத்து நிலத்துக்காரர் வரப்பை நகர்த்தினாரா நீங்க நகர்த்தினீங்களான்னு யாராலயும் சொல்ல முடியாது, சர்வேயர் வந்து தூரத்துல இருக்கிற இன்னொரு கல்லுலேர்ந்து பிடிச்சு அளந்துட்டு வரணும், அதுக்கு நாள் ஆகும்.

வாய்க்காலும் அப்படித்தான். பத்து வருஷம் தண்ணி ஓடாத வாய்க்கால் முள்ளுக்குள்ள வெறும் பள்ளமாத்தான் தெரியும், சமன் பண்றேன்னு அதுல மண்ணைத் தள்ளிடுவாங்க. வரைபடத்துல அது வாய்க்கால் புறம்போக்குன்னு இருக்கும், உங்க நிலமே கெடையாது. இது கேஸு வழக்குக்காக மட்டும் சொல்லல. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல வடசென்னை பூரா தண்ணியில நின்னுச்சு, எண்ணூர்ல எண்ணெயும் கலந்து வீட்டுக்குள்ள வந்துச்சு, தண்ணி போற வழியை அடைச்சா என்ன ஆகும்னு நம்ம தெருக்காரங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்ல. நாம இங்க பட்டதை அங்க இருக்கிற ஊர்க்காரங்களுக்கு நாமளே செய்யக்கூடாது.

இன்னொண்ணு, கொஞ்சம் கசப்பான விஷயம். கூட்டுப் பட்டாவா இருக்கிற நிலத்துல அண்ணன் தம்பிங்க காட்டை எடுத்து ரோட்டோரமா ஷெட்டையும் போட்டுட்டா, அப்புறம் அந்த முன்பக்கம் அவங்களுக்குத்தான்னு ஆயிடுது, அக்கா தங்கச்சிக்கு உள்பக்கம் வழியில்லாத இடம். அப்பா சொந்தமா சம்பாதிச்சு உயில் எழுதாம போன சொத்துல பொண்ணுக்கு சம பங்குன்னு 1956 சட்டத்துலயே இருக்கு, பூர்வீக சொத்துலயும் 1989ல தமிழ்நாட்டுல குடுத்தாங்க, 2005ல நாடு முழுக்க வந்துச்சு, 2020ல சுப்ரீம் கோர்ட்டும் தெளிவா சொல்லிருச்சு. எங்க மாமாங்க ரெண்டு பேரும் நல்லவங்க, அவங்களே முதல்ல உட்பிரிவுக்கு, அதாவது அவங்கவங்க பங்கை தனித்தனியா பிரிக்க, எழுதிப் போடலாம்னு சொன்னாங்க, இருந்தாலும் சொல்றேன், கால் நடுறதுக்கு முன்னாடி யார் பங்கு எங்கன்னு பேசி எழுதிக்குங்க. நட்ட காலை அப்புறம் பிடுங்கச் சொன்னா ஒறவே போயிடும்.

இப்போ கருவேலம். ரம்பம் வச்சு தரையோட அறுத்துட்டு போயிட்டா அடுத்த மழைக்கு அடியிலேர்ந்து பத்து கிளை வெடிச்சு வரும், முன்னாடி இருந்ததை விட அடர்த்தியா. தூர் கட்டையைத் தோண்டி வேரோட எடுக்கணும், அதுக்கு மெஷின் வேணும்தான், ஆனா கல்லு, வாய்க்கால், மத்த மரம் எல்லாத்துக்கும் அடையாளம் வச்சதுக்கு அப்புறம். அந்தப் பக்கம் களிமண்ணு, ஐப்பசி கார்த்திகையில மெஷின் உள்ள போனா மாட்டிக்கும், சித்திரையில மண்ணு பாறையா இருக்கும், தைக்கு அப்புறம் ஈரம் கொஞ்சம் இருக்கும்போது தூர் லேசா வரும். நெருப்பு மட்டும் வைக்காதீங்க, பக்கத்து வைக்கோல் போருக்குத் தாவும், தூரும் சாகாது. விறகை கரி மூட்டம் போடுறவங்களும் செங்கச் சூளைக்காரங்களும் வாங்கிப்பாங்க. அப்புறமும் காய் தின்ன ஆடு மாடு சாணியில விதை விழுந்துக்கிட்டேதான் இருக்கும், மழைக்கு முளைக்கிறதை சின்னதா இருக்கும்போதே கையால பிடுங்கணும், இது வருஷா வருஷம் வேலை. 2022ல கவர்மென்டே அயல் தாவரங்களை ஒழிக்க ஒரு கொள்கை அறிவிச்சிருக்கு, அதுல இந்த மரமும் இருக்கு.

வெட்டுற ஆளுங்களைப் பத்தியும் சொல்லணும். அந்தப் பக்கம் முள்ளு வெட்டுற வேலையை நெறைய இடத்துல இருளர் குடும்பங்கதான் செய்றாங்க, கான்ட்ராக்ட் எடுத்தவர் ஒரு முன்பணத்தைக் குடுத்துட்டு புள்ள குட்டியோட காட்டுலயே தங்க வச்சு வேலை வாங்குறாரு, கடன் தீரவே தீராது. கொத்தடிமை ஒழிப்பு சட்டம் 1976லயே வந்தாச்சு, நம்ம நிலத்துல அது நடந்தா நமக்கும் அதுல பங்கு இருக்கு. இடைத்தரகர் இல்லாம அன்னன்னைக்கு கூலியை அவங்க கையிலயே குடுங்க, ஆம்பளைக்கு ஒண்ணு பொம்பளைக்கு ஒண்ணுன்னு பிரிக்காதீங்க, கால்ல போட கம்பூட் வாங்கிக் குடுங்க. உள்ள கண்ணாடி விரியனும் கட்டு விரியனும் இருக்கும். கடிச்சா கயிறு கட்டாம, கீறி விடாம 108ஐ கூப்பிட்டு நேரா கவர்மென்ட் ஆஸ்பத்திரி, பொன்னேரியிலயே இருக்கு.

பனை மரத்துல கை வைக்காதீங்க. முள்ளுக்கு நடுவுல நிக்கிற பனையை மெஷினுக்கு எடைஞ்சல்னு சாய்ச்சுடுறாங்க, அது நம்ம மாநில மரம், கலெக்டர் அனுமதி இல்லாம வெட்டக் கூடாதுன்னு 2021 வேளாண் பட்ஜெட்லயே அறிவிச்சாங்க. கொட்டாவுக்கு வைரம் பாய்ஞ்ச பனங்கை வேணும்னா பழைய வீடு இடிக்கிற எடத்துல கெடைக்கும். ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டையில மெட்ராஸ் டெரஸ் வீடுங்களை இடிக்கும்போது வர்ற பர்மா தேக்கு உத்திரம் இருக்கே, நூறு வருஷம் ஆனாலும் உள்ள செவப்பா எண்ணெய்ப் பசையோட இருக்கும், அதுல ஆறு கால் எடுத்தோம்னா புது மரமே தேவையில்ல. சவுக்கு மலிவுதான், ஆனா மருந்து போடாம மண்ணுல நட்டா கரையான் சீக்கிரம் முடிச்சிடும்.

கால் எங்க கெடும்னு என் தொழில்ல பாத்ததை சொல்றேன். மரமோ இரும்போ, மண்ணுக்குள்ள ஆழத்துல அவ்ளோ கெடாது, மேலயும் கெடாது, தரை மட்டத்துல ஒரு சாண் அளவுக்கு ஈரமும் காத்தும் சேர்ந்து படுற எடத்துலதான் அரிக்கும். மீஞ்சூர் சுத்துவட்டாரத்துல நெலத்தடித் தண்ணியிலயே கடல் உப்பு ஏறியிருக்கு, அங்க வெறும் ஜி.ஐ. பைப்பை நட்டா பெயின்ட்டுக்கு உள்ள துரு ஏறி உரிச்சுக்கிட்டு வந்துடும். மரக்காலுக்கு அடிப்பக்கத்தை தரைக்கு மேல ஒரு அடி வரைக்கும் தார் பூசி, குழிக்கு அடியில ஜல்லி போட்டு தண்ணி வடிய விடணும், பைப்பா இருந்தா கான்க்ரீட் பீடத்தை தரைக்கு மேல ஒரு அடி ஏத்தி அதுல பிளேட் போட்டு போல்ட் பண்ணணும்.

எல்லாரும் கொட்டா கீழ விழுந்துடுமோன்னுதான் பயப்படுறாங்க, நம்ம கடற்கரையில அது மேல பறக்கும். 2016 வர்தா புயல் அன்னைக்கு எங்க ஏரியாவுல ஷீட்டுங்க பேப்பர் மாதிரி பறந்ததை எல்லாரும் பாத்தோம். சென்னைக்கு கட்டட டிசைன்ல வச்சிருக்கிற காத்து வேகம் செகண்டுக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர், அந்த வேகத்துல காத்தோட அழுத்தம் ஒரு சதுர மீட்டருக்கு சுமார் 150 கிலோ. அதே ஒரு சதுர மீட்டர் கலர் ஷீட்டோட எடை நாலஞ்சு கிலோதான். செவுரு இல்லாத கொட்டாவுல காத்து அடியில பூந்து தூக்கும், அப்போ பிடிச்சு வைக்கிறது நட்ட காலு மட்டும்தான். குழி நாலு அடி எடுங்க, காலோட அடியில குறுக்க ஒரு கட்டையோ முறுக்குக் கம்பியோ சொருகி கான்க்ரீட்ல பிடிக்க விடுங்க, மூலைக்கு மூலை சாய்வுக் கட்டை குடுங்க, ஷீட்டோட ஓரத்துல ஸ்க்ரூவை நெருக்கிப் போடுங்க, ரப்பர் வாஷரை வருஷத்துக்கு ஒருக்கா பாருங்க. ரெண்டு நாள் ஷெட்டுல இதுல ஒண்ணு கூட இருக்காது, ஒரு அடி குழியில பைப்பை நிக்க வச்சு ரெண்டு சட்டி கலவையை கொட்டிட்டு போயிடுவாங்க, நான் போய் மறுபடி எடுத்துக் கட்டின ஷெட்டெல்லாம் அந்த மாதிரிதான்.

தண்ணியையும் விடாதீங்க. இருபதுக்கு முப்பது அடி கூரையில 100 மில்லிமீட்டர் மழை பெஞ்சா அஞ்சாயிரம் லிட்டருக்கு மேல வரும், உப்புத் தண்ணி ஊர்ல அது பெரிய விஷயம், ஒரு தகரத் தொட்டி வச்சு பிடிச்சா கன்னுக்குட்டிக்கும் நாத்தங்காலுக்கும் ஆகும்.

அதிகாரிங்ககிட்ட உங்க பேப்பர் வழியா ஒரே ஒரு கோரிக்கை. வேளாண் பொறியியல் துறை மெஷினை உழவன் ஆப்ல இ-வாடகைக்கு விடுறாங்க, நல்ல திட்டம். அதுல நிலம் சீர் பண்ண புக் பண்ணும்போது புல வரைபடத்தை கட்டாயம் கேக்கணும், மெஷின் எறங்குறதுக்கு முன்னாடி கிராம உதவியாளரோ வி.ஏ.ஓ.வோ வந்து கல்லையும் வாய்க்காலையும் கழி நட்டுக் காமிக்கணும், தனியார் மெஷின்காரங்களுக்கும் இதே மாதிரி ஒரு விதி வேணும். காணாமப் போன கல்லை அளந்து நட மனு குடுத்தா இத்தனை நாளுக்குள்ளன்னு தேதி போட்டு ரசீது குடுக்கணும். பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, ஊத்துக்கோட்டை தாலுகா ஆபீஸ்ல இதை வர்ற தைக்குள்ள ஆரம்பிச்சா நல்லாருக்கும், ஏன்னா மழை விட்டதும் அந்த நோட்டீஸ்காரங்க மெஷினை எறக்கிடுவாங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
விம்கோ நகர், சென்னை.