வராதவர்களின் பட்டியல்

அன்புள்ள மகளுக்கு,

புதிதாகச் சேர்ந்திருக்கும் பயிற்சி மருத்துவர்களுக்குச் சுகாதாரச் சமத்துவம் பற்றி, அதாவது ஏழை பணக்காரர் என்ற பேதமில்லாமல் எல்லாருக்கும் நலவாழ்வு கிடைப்பது பற்றி, முதல் வகுப்பில் என்ன சொல்லலாம் என்று நேற்று போனில் கேட்டாய். அப்போது எனக்குச் சட்டென்று ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. இரவெல்லாம் அதே யோசனை.

முதல் நாள் வகுப்பே எடுக்காதே அம்மா. மாலையில் கிளினிக் முடிந்ததும், அன்று வரச் சொல்லியும் வராதவர்களின் பெயர்களை எழுதிப் பயிற்சி மருத்துவர்கள் கையில் கொடு. ஏன் வரவில்லை என்று கேட்டுவரச் சொல். வந்து உட்கார்ந்தவரைப் பார்க்கத்தான் நம்மைப் பழக்குகிறார்கள். வராதவரை யாரும் தேடுவதில்லை.

நான் பயிற்சியில் இருந்தபோது நடந்ததை உன்னிடம் சொன்னதே இல்லை. இன்சுலின் போட்டும் ஒரு அம்மாவுக்குச் சர்க்கரை இறங்கவில்லை. மூன்று முறை அளவைக் கூட்டினோம். 'ஒழுங்காகப் போட்டுக்கொள்வதில்லை' என்று குறிப்பேட்டில் எழுதியது நான்தான். அப்புறம் இரண்டு முறை அவர் வரவில்லை. நானும் விட்டுவிட்டேன். புதுப் புட்டி பிரித்த வாரம் சர்க்கரை ஒரேயடியாகத் தாழ்ந்து மயங்கிய நிலையில் அவரைத் தூக்கி வந்தார்கள். அவர் வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை, தகரக் கூரை. பழைய இன்சுலின் வெயிலில் வீரியம் இழந்திருக்கிறது. நாங்கள் கூட்டிய அளவு, கெடாத மருந்து உள்ளே போனதும் அவரைச் சாய்த்துவிட்டது. மருந்தை எங்கே வைக்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். பிழைத்துக்கொண்டார். ஆனாலும் நான் எழுதிய அந்த வரி இன்றும் உறுத்துகிறது.

பிரிட்டனின் வேல்ஸில் கிளின்கோரக் என்ற சுரங்கத் தொழிலாளர் கிராமத்தில் வேலை பார்த்த மருத்துவர் ஜூலியன் டியூடர் ஹார்ட்டைப் பற்றிக் கட்டாயம் சொல். மருத்துவம் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்கே குறைவாகக் கிடைக்கிறது என்று 1971-இல் எழுதியவர். எழுதியதோடு நிற்கவில்லை. தலைவலி என்று வந்தவருக்கு மட்டும் என்றில்லாமல், தன் பொறுப்பில் இருந்த பெரியவர்கள் எல்லாருக்குமே ரத்த அழுத்தம் பார்க்க முனைந்தார். ரத்த அழுத்தம் வலிக்காதே, வலிக்காதவர் எப்படித் தானாக வருவார்?

சரி, காரணம் தெரிந்தபின் என்ன செய்வது? பயிற்சி மருத்துவர்கள் மனம் சோர்ந்துபோவது இங்கேதான். அமெரிக்காவின் மிசிசிப்பியில் மவுண்ட் பாயூ என்ற ஊரில் 1960களில் மருத்துவர் ஜாக் கைகரும் சக ஊழியர்களும் நடத்திய சுகாதார மையத்தில், சத்துக் குறைந்த குழந்தைகளுக்கு மருந்துச் சீட்டில் உணவையே எழுதிக்கொடுத்தார்கள். அந்தச் சீட்டுக்குக் கடைக்காரர் சாமான் கொடுப்பார், பணம் மையத்தின் மருந்துக் கணக்கிலிருந்து போகும். மேலிடத்திலிருந்து ஆட்சேபம் வந்தபோது, சத்துக் குறைவுக்கு உணவுதான் சிகிச்சை என்று கைகர் பதில் சொன்னார். கிணறு தோண்டினார்கள், கழிப்பிடம் கட்டினார்கள், ஊர்க்காரர்கள் கூட்டுறவுப் பண்ணை தொடங்கத் துணை நின்றார்கள். அதெல்லாம் மருத்துவர் வேலையா என்று உன் பயிற்சி மருத்துவர்கள் கேட்பார்கள். உடனே பதில் சொல்லிவிடாதே. அவர்களுக்குள் வாதாடட்டும்.

இன்னொன்று, இரண்டு வாரம் நோயாளிகள் வீடுகளுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவதைப் பயிற்சி என்று வைக்காதே. போனவர் பரிதாபத்தோடு திரும்புவார், அவ்வளவுதான். ஒவ்வொருவருக்கும் சில குடும்பங்களை ஒதுக்கி, பயிற்சி முடியும்வரை அவர்களே பார்க்கட்டும். தான் மாற்றிய மருந்து ஆறு மாதம் கழித்து என்ன ஆயிற்று என்று தானே பார்த்தால்தான் புத்தியில் ஏறும். மொழி தெரியாத நோயாளியிடம் அவருடைய குழந்தையை மொழிபெயர்க்க வைப்பதையும் முதல் நாளே நிறுத்து. தாயின் ரத்தப்போக்கைப் பத்து வயதுப் பிள்ளை வாயால் எப்படிச் சொல்லும்?

முதல் பட்டியலில் எத்தனை பேர், ஏன் வரவில்லை என்றார்கள், எழுது. காத்திருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா